தவணைக்கு வீடு வாங்குமுன்...

நாவுலயில் ஏ-9 வீதியோரமாக ஒரு பழைய வீடு விலைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கூரை ஒழுகுகிறது, திருத்தினால் வாடகைக்கு விடலாம். முழுத்தொகை உங்கள் கையில் இல்லை. "பாதியைத் தாருங்கள், மீதியை இரண்டு வருடத்தில் தீருங்கள்" என்கிறார் உரிமையாளர். வங்கியும் இல்லை, வட்டியும் இல்லை. நல்ல வாய்ப்புத்தான். ஆனால் வெறும் கைச்சீட்டை நம்பிப் பணம் கொடுக்கலாமா?

கூடாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, காணி விற்பனை மட்டுமல்ல, விற்பதற்கான உடன்படிக்கையும் நொத்தாரிசு மற்றும் இரு சாட்சிகள் முன்னிலையில் கையொப்பமிடப்பட வேண்டும். இன்றேல் அது செல்லாது. அதனைக் காணிப் பதிவகத்தில் பதிவதும் அவசியம். பதியாதிருக்கையில் வேறொருவர் அதே வீட்டை வாங்கி முந்திப் பதிந்தால், நீங்கள் போட்ட கூரையும் அவருக்கே போகலாம்.

முற்பணத்துக்கு முன் பதிவேட்டைப் பாருங்கள்: ஈடு இருக்கிறதா, வழக்கு இருக்கிறதா? காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணியானால், பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதம் தேவை.

விலை, தவணைத் திகதிகள், தவணை தவறினால் திருத்தச் செலவு யாருக்கு என்பவற்றையும் உடன்படிக்கையில் சேருங்கள். கடனை எழுதி, சாட்சி வைக்கும்படி அல்குர்ஆன் (2:282) சொல்வதும் இதற்காகவே. மேசன் பாஸைக் கூப்பிடுவது அதற்குப் பிறகுதான்.