வீட்டில் முதலாவதாகக் கல்லூரி செல்கிறவர்களுக்கு



நிக்டியில் எங்கள் சபைக்கு வந்துகொண்டிருந்த ஒரு தம்பி சில ஆண்டுகளுக்கு முன் பட்டப்படிப்பில் சேர்ந்தான். தகப்பனார் சிஞ்ச்வாட் பக்கத்தில் ஒரு பட்டறையில் லேத் இயக்குகிறவர். தாயார் நான்கு வீடுகளில் வேலை செய்கிறவர். அந்தக் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் பிள்ளை அவனே. முதல் பருவத் தேர்வில் இரண்டு பாடங்களில் தவறிவிட்டான். தவறினால் அதே வகுப்பில் மறுபடியும் உட்காரவேண்டும் என்பதே பள்ளியில் அவன் அறிந்திருந்த சட்டம். ஆகவே வருடமே போயிற்று என்று எண்ணி, வீட்டிலும் சொல்லாமல், கல்லூரிக்கும் போகாமல், ஆகுர்டி ரயில் நிலையத்தில் பகல்களைக் கழித்தான். காரியம் எங்கள் காதுக்கு எட்டியபோது, அடுத்த தேர்வுக்கு விண்ணப்பிக்கும் நாளும் கடந்திருந்தது.

அவனோடு தவறிய மற்றப் பிள்ளைகளோ அடுத்த பருவத்தில் அமைதியாகப் படித்துக்கொண்டிருந்தார்கள். ஏ.டி.கே.டி. என்ற நான்கு எழுத்துகளை அவர்கள் அறிந்திருந்தார்கள். தவறிய பாடங்களைப் பின்னர் எழுதிக்கொள்ளலாம் என்று, மாணவனை அடுத்த பருவத்துக்கு அனுமதிக்கும் ஏற்பாடு அது. நம் ஊரில் 'அரியர்' என்று சொல்லுகிறோமே, ஏறக்குறைய அதுதான். யாரிடமாவது ஒரு கேள்வி கேட்டிருந்தால் அந்த வருடம் தப்பியிருக்கும்.

படித்த குடும்பத்துப் பிள்ளைகள் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் தாய் தகப்பனிடம் இலவசமாய் அறிந்துகொள்ளும் காரியங்களை, நம் பிள்ளைகள் வருடங்களை விலையாகக் கொடுத்துக் கற்கிறார்கள். அவற்றில் சிலவற்றை இங்கே எழுதுகிறேன்.

கல்லூரி என்றால் எது?

மகாராஷ்டிராவில் 11, 12-ஆம் வகுப்புகளுக்கே ஜூனியர் காலேஜ் என்று பெயர். பல இடங்களில் அது பட்டப்படிப்புக் கல்லூரியின் அதே வளாகத்தில் நடைபெறும். ஆதலால், 12 முடிந்தவுடன் பிள்ளை தானாக மேல்வகுப்புக்குப் போய்விடுவான் என்று சில பெற்றோர் எண்ணிவிடுகிறார்கள். பட்டப்படிப்புக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பொறியியலுக்கு எம்.எச்.டி.-சி.இ.டி. போன்ற நுழைவுத் தேர்வும், அதன்பின் 'கேப்' எனப்படும் மாநிலப் பொதுச் சேர்க்கைச் சுற்றுகளும் உண்டு. ஒரு நாள் தவறினாலும் அந்தச் சுற்று போய்விடும்.

கல்லூரி வேறு, பல்கலைக்கழகம் வேறு என்பதையும் அறியுங்கள். நம் பகுதியின் கல்லூரிகளில் மிகுதியானவை 1949-இல் நிறுவப்பட்ட புனே பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. பாடம் நடத்துவது கல்லூரி. பட்டம் வழங்குவது பல்கலைக்கழகம். நிக்டி 26-ஆம் செக்டரில் 1999 முதல் நடைபெறும் பிம்ப்ரி சிஞ்ச்வாட் பொறியியல் கல்லூரியைப் போலத் தன்னாட்சி பெற்றவை பாடத்திட்டத்தையும் தேர்வையும் தாங்களே அமைத்துக்கொள்ளும், பட்டமோ பல்கலைக்கழகத்தினுடையதே. ஏதேனும் ஒரு நிறுவனத்தைக் குறித்துச் சந்தேகம் எழுந்தால், பல்கலைக்கழக மானியக் குழு வெளியிடும் போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலைப் பாருங்கள்.

புலம்பெயர்ந்தோர் கவனிக்க வேண்டியவை

பள்ளியை விட்டதற்கான எல்.சி. இங்கே முதல் ஆவணம். நம் ஊரின் மாற்றுச் சான்றிதழ் போன்றது. அடுத்தது டொமிசைல் என்னும் வசிப்பிடச் சான்றிதழ். பொதுவாக மாநிலத்தில் 15 ஆண்டுகள் வசித்ததற்கான அத்தாட்சி அதற்குத் தேவைப்படும். ஆகவே பழைய வாடகை ஒப்பந்தம், மின்கட்டண ரசீது, பள்ளிச் சான்று எதையும் எறிந்துவிடாதீர்கள். 12-ஆம் வகுப்பு முடிவு வந்தபின் அலையாமல், 10-ஆம் வகுப்பிலேயே இதை வாங்கிவையுங்கள். தொழிற்கல்வியில் மாநில இடங்களுக்கு 10, 12-ஆம் வகுப்புகளை இங்கேயே முடித்திருப்பது பெரிதும் கணக்கில் எடுக்கப்படுகிறது. பிள்ளையைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிப் படிக்கவைக்குமுன் இதை யோசியுங்கள்.

இன்னொரு கடினமான உண்மையையும் சொல்லவேண்டும். பிழைப்புக்காக வேறு மாநிலம் சென்ற பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும், சொந்த மாநிலத்துச் சாதிச் சான்றிதழைக் கொண்டு புதிய மாநிலத்தில் ஒதுக்கீடு கோர இயலாது என்று 1990-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஊரிலிருந்து கொண்டுவந்த சான்றிதழை நம்பிக் கட்டணக் கணக்குப் போட்ட குடும்பங்கள் கடைசி நாளில் கலங்கியதைக் கண்டிருக்கிறேன். பொதுப்பிரிவுக் கட்டணத்தையே மனதில் வைத்துத் திட்டமிடுங்கள். அவ்வாறே, தமிழ்நாட்டில் 2010-11 முதல் முதல் பட்டதாரி மாணவருக்கு வழங்கப்படும் கட்டணச் சலுகை அந்த மாநிலத்தின் கலந்தாய்வில் சேருவோருக்கானது. இங்கே அது செல்லாது.

பணத்தின் காரியம்

கல்விக் கட்டணம் மட்டுமே செலவு அன்று. தேர்வுக் கட்டணம், வளர்ச்சிக் கட்டணம், புத்தகம், பயணம் யாவையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். மாநில உதவித்தொகைகளுக்கு மகாடிபிடி தளத்திலும், மத்திய அரசின் உதவிக்குத் தேசிய உதவித்தொகைத் தளத்திலும் விண்ணப்பிக்கலாம். மகாராஷ்டிராவில் ஆண்டு வருமானம் 8 இலட்சத்துக்கு உட்பட்ட குறிப்பிட்ட பிரிவுகளின் பெண்பிள்ளைகளுக்கு, கேப் வழியாகத் தொழிற்கல்வியில் சேர்ந்தால் கல்விக் கட்டணமும் தேர்வுக் கட்டணமும் முழுமையாகத் தள்ளுபடி என்று 2024-இல் அறிவிக்கப்பட்டது. மகளைப் படிக்கவைக்கத் தயங்குகிறவர்கள் இதை விசாரிக்காமல் முடிவெடுக்க வேண்டாம்.

வங்கிக் கல்விக்கடனில் ஏழரை இலட்சம் வரை சொத்து ஈடு இல்லாமல் பெற வழியுண்டு. ஆனால் கடன் கடனே. படிப்பு முடிந்தபின் மாதம் எவ்வளவு கட்டவேண்டும் என்று வங்கியில் முன்னதாகவே கேட்டு எழுதிவாங்குங்கள். "இடம் வாங்கித் தருகிறேன்" என்று பணம் கேட்கிற தரகரை, அவர் நம் மொழி பேசுகிறவர் என்பதற்காகவே நம்பிவிடாதீர்கள். சேர்க்கைக்காக நன்கொடை வாங்குவதைத் தடைசெய்யும் சட்டம் இம்மாநிலத்தில் 1987 முதல் உண்டு. எந்தப் பணத்துக்கும் ரசீது கேளுங்கள்.

வகுப்பறைக்குள்

வருடம் இரண்டு பருவங்களாகப் பிரிந்திருக்கும். புதிய கல்விக் கொள்கையின்படி படிப்பு கிரெடிட்டுகளால் அளக்கப்படுகிறது. வகுப்புப் பாடத்தில் 15 மணி நேரம் ஒரு கிரெடிட். மூன்றாண்டுப் பட்டத்துக்கு 120 முதல் 132 வரை தேவை; நான்காம் ஆண்டும் படித்தால் ஹானர்ஸ் பட்டம்.

பள்ளியைப்போல் இங்கே யாரும் வீட்டுக்குச் சொல்லி அனுப்பமாட்டார்கள். வருகைப்பதிவு 75 விழுக்காட்டுக்குக் குறைந்தால் தேர்வு எழுதுவதே கேள்விக்குறியாகும். உள்மதிப்பெண் பருவம் முழுவதும் சேருகிறது. கடைசி மாத உழைப்பு அதை ஈடுசெய்யாது. முதல் வாரத்திலேயே பாடத்திட்டத்தையும் பழைய வினாத்தாள்களையும் வாங்கிவையுங்கள். தவறிய பாடத்துக்கும் உரிய நாளில் தேர்வு விண்ணப்பம் நிரப்பவேண்டும். எத்தனை பாடம் வரை அனுமதி என்பது படிப்புக்குப் படிப்பு மாறுபடும். பகடிவதை நேர்ந்தால் மறைக்காதீர்கள். 1800-180-5522 என்ற தேசிய உதவி எண் இருக்கிறது.

கேட்பதில் வெட்கமில்லை

பெற்றோரே, பிள்ளைக்காக ஜெபிக்கிறீர்கள், நல்லது. அதோடு மாதம் ஒருமுறை அவனருகே அமர்ந்து, "எந்தப் பாடம் கடினமாயிருக்கிறது?" என்று கேளுங்கள். பாடம் உங்களுக்குப் புரியவேண்டியதில்லை. தவறினாலும் வீட்டில் சொல்லலாம் என்ற தைரியம் அவனுக்கு வேண்டும். ரயில் நிலையத்தில் உட்கார்ந்திருந்த அந்தத் தம்பிக்கு இல்லாமற்போனது அதுவே.

உங்கள் பிள்ளை பெறப்போகும் பட்டத்தின்மேல் 2014 முதல் சாவித்ரிபாய் புலே என்ற பெயர் பொறிக்கப்படுகிறது. அவர் திருமணமாகி வந்தபின்னரே எழுத்தறிந்தவர். 1848-இல் இதே புனேயில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தத் தொடங்கியவர். தாமதமாகத் தொடங்கினவர் பிறருக்கும் வழிகாட்டலாம் என்பதற்கு அந்தப் பெயரே சாட்சி.

எங்கள் தம்பியும் மறுவருடம் திரும்பச் சேர்ந்து படித்துமுடித்தான். இப்பொழுது சேர்க்கைக் காலத்தில் ஞாயிறு ஆராதனை முடிந்ததும், 12 முடித்த பிள்ளைகளோடு அமர்ந்து விண்ணப்பங்களைச் சரிபார்க்கிறான். அவன் அவர்களிடம் முதலாவது விளக்கிச் சொல்லுவது அந்த நான்கு எழுத்துகளைத்தான்.