மாரனாதா: ஒரு சொல்லும் இருவகைப் பிரிப்பும்

புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் அரமேயச் சொற்கள் சில அப்படியே இடம்பெற்றுள்ளன. 'தலீத்தா கூமி' போன்றவற்றிற்கு அங்கேயே பொருளும் தரப்பட்டுள்ளது. 'மாரனாதா' என்பதற்கோ அவ்வுதவி இல்லை. கி.பி. 55ஆம் ஆண்டளவில் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் மடலின் முடிவில் (16:22) இது விளக்கமின்றி நிற்கிறது. கிரேக்கம் பேசிய மக்களுக்கு விளக்காமலே எழுதினார் எனின், வழிபாட்டின்வழி அவர்கள் அதனை முன்னரே அறிந்திருந்தனர் என்பது பெறப்படும்.

அக்காலப் படிகளில் சொற்களுக்கிடையே இடைவெளி விடும் வழக்கமில்லை. ஓலைச்சுவடி பயின்றோர்க்கு இவ்விடர்ப்பாடு புதிதன்று. 'மாரன் அதா' எனப் பிரித்தால் 'நம் ஆண்டவர் வந்துவிட்டார்' என்பது பொருள்; 'மாரனா தா' எனப் பிரித்தால் 'நம் ஆண்டவரே, வாரும்' என்பது பொருள். முன்னது செய்தி, பின்னது வேண்டுகோள். (ஈண்டு வரும் 'மாரன்' நம் காமவேளும் அல்லன், 'தா' ஈதற்பொருளதும் அன்று. ஒலியொப்புமை கண்டு உறவு கற்பிப்போர் நம்மிடையே மிகுதியாதலின் இதனைக் கூற வேண்டியுள்ளது.) 'மார்' என்பது தலைவனைக் குறிக்கும் அடிச்சொல். கேரளச் சிரியன் திருச்சபை ஆயர்களின் பெயர்முன் இன்றும் வழங்கும் 'மார்' இதுவே.

நான்காம் நூற்றாண்டினரான யோவான் கிறிசோஸ்தோம் முதற்பொருளையே கொண்டார். எனினும், பின்னதே பொருந்துமெனத் தோன்றுகிறது. 1873இல் கண்டெடுக்கப்பட்ட 'திதக்கே' என்னும் பழைய திருச்சபை நூலில் இச்சொல் வழிபாட்டு மன்றாட்டின் இறுதியில், 'ஆமென்' என்பதற்கு முன் வருகிறது. திருவெளிப்பாட்டின் முடிவிலும் (22:20) ஆண்டவரை வருமாறு அழைக்கும் வேண்டல் கிரேக்கத்தில் உள்ளது. கும்ரான் குகையில் கிடைத்த ஏனோக்கு நூலின் அரமேயத் துணுக்கொன்றில் 'மாரனா' என்னும் நீண்ட வடிவமே காணப்படுவதும் இப்பிரிப்பிற்கு அரண் செய்கிறது.

இது வெறும் புணர்ச்சிச் சிக்கலன்று. இயேசுவை 'ஆண்டவர்' என வழிபடும் வழக்கம் பாலஸ்தீனத்திற்கு வெளியே, கிரேக்கச் சூழலில்தான் பிறந்தது என 1913இல் வில்லெல்ம் பூசெட் வாதிட்டார். அவர் கொள்கைக்குப் பெருந்தடையாக நின்றது இவ்வொரு சொல்லே. அரமேயம் பேசிய தொடக்ககால அடியார்களே அவரை 'மார்' என விளித்து அழைத்திருப்பின், அவ்வழிபாடு கிரேக்க மண்ணில் தோன்றியதாகாது. இருமொழி வழங்கிய அந்தியோக்கியாவில் இச்சொல் தோன்றியிருக்கலாம் என்று அமைதி கூறும் முயற்சியும் நிகழ்ந்தது. அது பலரை நிறைவுசெய்யவில்லை.

தமிழில் பரவலாக வழங்கும் பழைய விவிலிய மொழிபெயர்ப்பு இவ்விடத்தில் அரமேயச் சொல்லை விடுத்து, ஆண்டவரின் வருகையை நிகழ்காலச் செய்தியாகத் தருகிறது. மேற்கண்ட இரு பிரிப்புகளுள் எதனொடும் அது முற்றும் பொருந்தவில்லை.