குறைத்துக் கொடுத்ததில் பிழைத்த குழந்தைகள்

மஜ்ஜை ரத்தம் ஊறுவதை நிறுத்திவிட்ட குழந்தைக்குப் பொருத்தமான ஒருவரின் ஸ்டெம் செல்லை ஏற்றிவிட்டால் போதும் என்று பலரும் நினைக்கிறோம். ஏற்றுவது எளிது, ஒரு பை ரத்தம் ஏறுவது போலத்தான் அதுவும் ஏறும். ஆபத்தெல்லாம் அதற்கு முந்தைய நாட்களில் இருக்கிறது. பழைய மஜ்ஜையை அழித்து இடம் உண்டாக்கவும், புது செல்லை உடல் எதிர்க்காதபடி அடக்கவும் கடுமையான கீமோ மருந்தும் சில சமயம் கதிர்வீச்சும் தருவார்கள். இந்த ஆயத்தத்தை எவ்வளவு குறைக்கிறோமோ அவ்வளவு குழந்தைகள் பிழைப்பார்கள் என்பதற்கு ஃபான்கோனி ரத்தசோகை கண்கூடான சான்று.

1927இல் சுவிட்சர்லாந்தின் குழந்தை மருத்துவர் கீடோ ஃபான்கோனி முதலில் விவரித்த பரம்பரை நோய் இது. டிஎன்ஏவின் இரு இழைகளும் ஒன்றோடொன்று பிணைந்துகொண்டால் அதைப் பழுதுபார்க்கும் திறன் இந்த நோயுள்ளவர்களின் செல்களுக்கு இல்லை. மஜ்ஜை மாற்றத்துக்கு வழக்கமாகத் தரும் சைக்ளோபாஸ்பமைடு என்ற மருந்தோ அந்தப் பிணைப்பைத்தான் உண்டாக்குகிறது. மற்றவர்கள் தாங்கும் அளவைக் கொடுத்தபோது இந்தக் குழந்தைகளின் வாயும் குடலும் புண்ணாகி, உயிருக்கே ஆபத்தானது. பாரிஸின் செயின்ட் லூயி மருத்துவமனையில் எலியான் க்ளக்மன் குழுவினர் 1980களில் மருந்தளவை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகக் குறைத்தார்கள். குழந்தைகள் பிழைக்கத் தொடங்கினார்கள். 1988இல் உலகின் முதல் தொப்புள்கொடி ரத்த மாற்று சிகிச்சை நடந்ததும் அதே மருத்துவமனையில், ஃபான்கோனி நோயுள்ள ஒரு சிறுவனுக்குத்தான். பிற்பாடு, டிஎன்ஏவைப் பிணைக்காத ஃப்ளூடராபின் என்ற மருந்து வந்து சேர்ந்ததும் பலருக்குக் கதிர்வீச்சையே விட்டுவிட முடிந்தது.

மருந்தைக் குறைத்தால் புது மஜ்ஜை ஒட்டாமல் போகாதா என்ற கேள்வி நியாயமானது. போகலாம், பயந்து பயந்து அளவைக் கூட்டியதும் அதனால்தான். ஆனால் இடம் உண்டாக்க மருந்தின் நஞ்சுதான் வேண்டும் என்பதில்லை. ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்கள் 2025இல் வெளியிட்ட ஆய்வில், ரத்த ஸ்டெம் செல்லின் மேலிருக்கும் சிடி117 என்ற புரதத்தைக் குறிவைக்கும் ஆன்டிபாடியை ஃபான்கோனி நோயுள்ள மூன்று குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். புசல்பான் என்ற கீமோ மருந்தும் இல்லை, கதிர்வீச்சும் இல்லை. எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்துகள் மட்டும் தேவைப்பட்டன. இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகும் அவர்களின் ரத்தத்தில் ஏறக்குறைய முழுவதும் கொடையாளியின் செல்களே இருந்தன. மூன்று பேரை வைத்து முடிவு கட்டக்கூடாது என்பது சரி. ஆனால் அரிய நோயில் ஆயிரம் பேர் சேரும்வரை காத்திருக்க முடியாது. நாற்பது ஆண்டு அனுபவம் காட்டும் திசையில்தான் இந்த முடிவும் இருக்கிறது. மாற்று சிகிச்சை மஜ்ஜையை மட்டுமே சரிசெய்கிறது, இந்த நோயில் உள்ள வாய், தொண்டைப் புற்றுநோய் அபாயம் தொடர்கிறதே என்றும் சொல்வார்கள். அந்த அபாயத்தை மேலும் கூட்டுவது கதிர்வீச்சு. அதைத் தவிர்ப்பதற்கு இதைவிட வலுவான காரணம் எது?

ஆனால் நோய் இன்னதென்று தெரிந்தால்தானே மருந்தைக் குறைக்க முடியும்? கட்டைவிரல் குறைபாடு, குள்ளமான உருவம், தோலில் காப்பி நிறத் திட்டுகள் ஆகியவை அடையாளங்கள். சில குழந்தைகளிடம் எதுவுமே இருக்காது. ரத்தச் செல்களை மைட்டோமைசின் என்ற மருந்து கலந்து வளர்த்து, குரோமோசோம்கள் உடைந்து தாறுமாறாக ஒட்டிக்கொள்கின்றனவா என்று மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பதே முதன்மையான பரிசோதனை. சிலருக்கு ரத்தத்தில் சரியாகத் தெரியாது. அப்போது தோல் செல்லைச் சோதிக்க வேண்டும். செல் கொடுக்க முன்வரும் அண்ணன் தங்கைக்கும் இதே பரிசோதனை அவசியம், அறிகுறியே இல்லாமல் அவர்களிடமும் நோய் மறைந்திருக்கலாம். பெரும்பாலும் பெற்றோர் இருவரிடமிருந்தும் வரும் நோய் இது என்பதால், மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள் மணம் முடிக்கும் நம் குடும்பங்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். உங்கள் குழந்தைக்கு மஜ்ஜை வேலை செய்யவில்லை என்று மருத்துவர் சொன்னால், கீமோ தொடங்கும் முன் குரோமோசோம் உடைவுப் பரிசோதனை செய்தாயிற்றா என்று கேளுங்கள்.