இரும்புக் கூண்டுக்குள் ஒரு பங்க் குழு

பங்க் இசைக்கும் தொழில்முறை மல்யுத்தத்திற்கும் என்ன உறவு இருக்க முடியும்? 1970-களில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் எழுந்த பங்க், பகட்டை வெறுத்த இசை. இரண்டு நிமிடப் பாடல், எவரும் வாசிக்கக்கூடிய எளிய கித்தார் இசை, மனத்தில் பட்டதைக் கத்திச் சொல்லும் துணிவு ஆகியவையே அதன் மூலதனம். மல்யுத்தமோ, வெல்பவர் யார் என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவிட்டு நடத்தப்படும் ஆட்டம். ஒன்று உண்மையைப் பறைசாற்றுவது. மற்றொன்று நடிப்பையே தொழிலாகக் கொண்டது.

ஆயினும் 1999-இல் இவ்விரண்டும் ஒரே மேடையில் சந்தித்தன. அமெரிக்காவின் டபிள்யூ.சி.டபிள்யூ. நிறுவனம், திங்கட்கிழமை இரவுப் போட்டியில் டபிள்யூ.டபிள்யூ.எஃப். நிறுவனத்திடம் பார்வையாளர்களை இழந்துகொண்டிருந்த காலம் அது. இழந்ததை மீட்க அது இசைக் கலைஞர்களை நாடியது. கிஸ் குழுவும் ராப் பாடகர் மாஸ்டர் பியும் அவ்வாண்டில் அதன் நிகழ்ச்சிகளில் தோன்றினர். அவ்வரிசையில் வந்ததுதான் மிஸ்ஃபிட்ஸ்.

1977-இல் நியூ ஜெர்சி மாநிலத்தின் லோடை நகரில் தோன்றிய இக்குழு, முகத்தில் வண்ணம் பூசிய மல்யுத்த வீரர் வாம்பிரோவுடன் கூட்டுச் சேர்ந்தது. அதோடு நிற்கவில்லை. பேஸ் கித்தார் கலைஞர் ஜெரி ஒன்லி, 1999 நவம்பரில் 'டாக்டர் டெத்' ஸ்டீவ் வில்லியம்ஸுடன் இரும்புக் கூண்டுக்குள் மோதினார். எதிரே நின்றவர் ஜப்பானிலும் பெயர் பெற்ற அனுபவசாலி!

இதைக் கொள்கையை விற்ற செயல் எனலாமா? அவசரப்பட வேண்டாம். மிஸ்ஃபிட்ஸ் தொடக்கம் முதலே வேடம் தரித்த குழு. அதன் புகழ்பெற்ற மண்டையோட்டுச் சின்னம் 1946-இல் வெளிவந்த ஒரு தொடர் திரைப்படத்தின் வில்லனிடமிருந்து பெறப்பட்டது. பாடல்களோ பேய்ப்படங்களில் ஊறியவை. ஒன்லியும் அவர் தம்பி டாயிலும் உடற்பயிற்சியால் உரமேறிய உடலினர். எனவே மல்யுத்த மேடை அவர்களுக்கு அந்நிய வீடன்று.

மேலும், முடிவு முன்பே தெரிந்தாலும் விழும் உடல் உண்மையாகவே விழுகிறது. வலிக்கு ஒத்திகை இல்லை. இசைமேடையில் வியர்வை சிந்துபவனும் மல்யுத்த மேடையில் தூக்கி எறியப்படுபவனும் ரசிகனுக்கு அளிப்பது ஒன்றே: தன் உடலின் உழைப்பு.

இக்கூட்டு வணிக நோக்கில் எவரையும் காப்பாற்றவில்லை என்பதும் உண்மை. சில மாதங்களில் அது முடிந்தது. 2000-இல் பாடகர் மைக்கேல் கிரேவ்ஸும் டிரம்ஸ் கலைஞர் டாக்டர் சட்டும் குழுவிலிருந்து விலகினர், 2001-இல் டபிள்யூ.சி.டபிள்யூ. நிறுவனத்தையே போட்டியாளர் வாங்கிவிட்டார்.

வேடம் போட்டவன் எல்லாம் பொய்யன் அல்லன். வேடமின்றி நிற்பவன் எல்லாம் மெய்யனும் அல்லன். ஒரு கலைஞன் தன்னை விற்றுவிட்டான் என்று தீர்ப்பு எழுதுமுன், அவன் முதலில் எதைத் தருவதாகச் சொன்னான் என்று கேட்பதே முறை. மிஸ்ஃபிட்ஸ் தருவதாகச் சொன்னது கூத்து. கூண்டுக்குள்ளும் அதைத்தான் தந்தது.