விபுலாநந்த அடிகளார் வாழ்வும் வருங்கால ஆசிரியரும்

ஆசிரியத் தொழிலை மேற்கொள்ளப் புகும் இளைஞர், கற்பிக்கும் முறைகளை நூல்களினின்றும் அறிந்துகொள்ளுதல் கூடும். ஆசிரியராக வாழ்வது எங்ஙனம் என்பதை அறிதற்கோ ஒரு நல்லாசிரியரின் வாழ்க்கையையே நூலாகக் கொள்ளல் வேண்டும். ஈழநாட்டுத் தமிழருக்கு அத்தகைய நூலாக விளங்குவது சுவாமி விபுலாநந்த அடிகளாரின் வாழ்க்கை. துறவி, பேராசிரியர், முத்தமிழ் வித்தகர் என்றெல்லாம் அவரைப் போற்றுகின்றோம். அவர் முதலில் பாடசாலை ஆசிரியராகவே தொண்டு தொடங்கினார் என்பதைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றோம்.

ஊவாவில் வாழ்வோர்க்கு அடிகளார் தொலைவிலுள்ளவர் அல்லர். பேராதனையிலிருந்து வரும் ஏ5 பெருந்தெரு பதுளை, பசறை, லுணுகலை, பிபிலை ஆகிய ஊர்களைக் கடந்து, மட்டக்களப்பை அடுத்த செங்கலடியிற் சென்று முடிகின்றது. அத்தெரு சென்றடையும் கீழ்மாகாணமே அவர் பிறந்த நிலம். காரைதீவில் 1892ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 27ஆம் நாள் பிறந்த அவருக்குப் பிள்ளைப் பெயர் மயில்வாகனன் என்பது. கொழும்பு அரசினர் ஆசிரிய கலாசாலையிற் பயிற்சி பெற்று, மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியில் ஆசிரியரானார். 1916இல் விஞ்ஞானத்தில் டிப்ளோமாவும், மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் பட்டமும் பெற்றார். பின்னர் யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்துக்கொண்டே படித்து, 1920இல் இலண்டன் பல்கலைக் கழக விஞ்ஞானப் பட்டதாரியானார்.

இவ்வரலாற்றிலிருந்து பெறப்படும் முதற் படிப்பினை தெளிவானது. ஆசிரியர் சான்றிதழ் கைக்கு வந்தவுடன் கல்வி முடிந்துவிட்டதென்று அவர் எண்ணினாரல்லர். தாம் நாள்தோறும் கற்பவராக இருந்தமையால், கற்போரின் இடர்ப்பாடு அவருக்கு என்றும் புதிதாகவே இருந்தது. பல ஆண்டு ஆராய்ச்சியின் பயனாகிய யாழ் நூலை 1947 யூன் மாதம் அரங்கேற்றி, அடுத்த மாதம் 19ஆம் நாள் அவர் மறைந்தார். இறுதிவரை அவர் மாணவரே.

அடுத்தது, தாய்மொழியால் அறிவியலைக் கற்பிக்க முடியும் என்ற உறுதி. பௌதிகமும் வேதிநூலும் ஆங்கிலத்தில் மட்டுமே புழங்கிய காலத்தில், தமிழிற் கலைச்சொற்கள் ஆக்கும் பெருமுயற்சியில் அவர் முன்னின்றார். அதன்பொருட்டு 1936இற் சென்னையிற் கூடிய மாநாட்டிற்குத் தலைமையும் தாங்கினார். சொல் இல்லையென்று பாடத்தைக் கைவிடாது, சொல்லை ஆக்கிப் பாடத்தை நடத்துவதே ஆசிரியர் கடன் என்பது அவர் காட்டிய நெறி. கணிதத்திற்கும் விஞ்ஞானத்திற்கும் ஆசிரியர் போதாமை மலையகத்தில் நெடுங்காலமாக எழும் முறையீடு. இவ்விரு பாடங்களையும் துணிந்து கற்கும் ஓர் ஆசிரியர் ஒரு பாடசாலையின் போக்கையே மாற்றவல்லவர்.

மூன்றாவது, கல்வி எட்டாதவரைத் தேடிச் செல்லுதல். 1922இல் மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபர் பதவியை நீத்து மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தை அடைந்த அவர், 1924இல் துறவு பூண்டு, மறு ஆண்டு ஈழம் மீண்டு, மிஷன் பாடசாலைகளைப் பேணும் பணியை ஏற்றார். 1929இற் கல்லடி உப்போடையிற் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடங்கினார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரான பின்னரும், அயலிலுள்ள திருவேட்களத்தில் ஒதுக்கப்பட்ட மக்களின் குடியிருப்புக்குச் சென்று பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார்.

இங்கே ஒரு வினா எழும். அடிகளாரும் ஓரிடத்தில் நிலைத்தாரல்லரே; அண்ணாமலை நகரை 1933இல் விட்டார்; பின்னர் இமயமலைச் சாரலிலுள்ள மாயாவதிக்குச் சென்றார்; 1943இல் இலங்கைப் பல்கலைக் கழகத்தின் தமிழ்ப் பேராசிரியரானார். அங்ஙனமாயின், கடினமான பாடசாலையை விட்டு மாற்றம் பெற்றுச் செல்லும் ஆசிரியரைக் குறைகூறுதல் தகுமோ? தகும் என்பதும் தகாது என்பதும் முழு விடையாகா. எத்துணைக் காலம் இருந்தார் என்பதனோடு, எதை நிலைநிறுத்திச் சென்றார் என்பதையும் நோக்குதல் வேண்டும். சிவானந்த வித்தியாலயம் அவர் இல்லாத ஆண்டுகளிலும் நடந்தது, இன்றும் நடக்கின்றது. தமக்குப் பின்னும் நிற்கத்தக்க ஒன்றை அமைத்த பின்னரே அவர் பெயர்ந்தார்.

இப்படிப்பினை மலையகத்திற்கு மிகவும் வேண்டப்படுவது. தோட்டச் சிறுவருக்குக் கல்வியளிக்கும் கடமையை 1907ஆம் ஆண்டுச் சட்டம் தோட்ட நிருவாகத்தின்மேற் சுமத்தியது. ஆயினும், ஓர் ஆசிரியரும் ஒரு மண்டபமும் சில கீழ்வகுப்புக்களுமே பல தோட்டங்களின் பாடசாலையாய் இருந்தன. 1970ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியிலேயே அவற்றை அரசு பரவலாகப் பொறுப்பேற்கத் தலைப்பட்டது. பிந்தி வந்த கல்வி ஆதலின், இழந்த காலத்தையும் ஈடுசெய்யும் பொறுப்பு இங்குள்ள ஆசிரியருக்கு உண்டு. கொழுந்து பறிக்கும் தாயின் பிள்ளைக்கு வீட்டிற் பாடஞ் சொல்லித் தருவார் இல்லாதிருக்கலாம். அவ்விடத்து ஆசிரியர் ஒருநாள் வாராதொழியின், அந்நாட் கல்வி முழுவதும் இழப்பாகும்.

ஆதலின், பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி முதலிய நிலையங்களிற் பயின்று, லுணுகலை, மடுல்சீமைப் பகுதிகளுக்கு நியமனம் பெறும் இளைஞர், தம்மைத் தாமே வினவிக்கொள்ளுதல் நன்று: யாம் இவ்விடத்தை விட்டு நீங்கும் நாளில் இங்கு எஞ்சி நிற்பது யாது? நன்கு பேணப்பட்ட சிறு நூல்நிலையமாயினும் ஆகுக. சாதாரணதரத்திற் கணிதம் சித்தியெய்திய முதல் அணியினராயினும் ஆகுக. ஆசிரியராக வேண்டுமென்று உளங்கொண்ட ஒரு தோட்டத்துச் சிறுமியாயினும் ஆகுக. ஏதேனும் ஒன்று நிற்குமாயின், அடிகளார் வழியில் அவரும் நடந்தவராவர்.