பீச்சுல மணல் எங்கே? - ஒரு கேள்வியே ஒரு மாதப் பாடமாகும்போது!

புதுச்சேரிக்கு முதன்முறை வரும் வெளியூர்க் குழந்தைகள் பலரும் பீச்சைப் பார்த்ததும் கேட்கும் கேள்வி இது: "மணல் எங்கே?" காந்தி சிலை இருக்கிறது, பழைய லைட் ஹவுஸ் இருக்கிறது, கண்ணுக்கு எட்டிய வரை கடல் இருக்கிறது. ஆனால், கடற்கரைச் சாலையின் பெரும்பகுதியில் வீடு கட்டி விளையாட மணல் கிடையாது. கருங்கற்கள்தான் குவிந்து கிடக்கின்றன.

இந்தக் கேள்விக்கு ஆசிரியர் எந்த பீரியடில் பதில் சொல்வார்? அறிவியலா, சமூக அறிவியலா, கணக்கா? ஒரு பீரியடுக்குள் அடங்காது என்பதுதான் விஷயம். அப்படிப்பட்ட ஒரு கருப்பொருளை எடுத்துக்கொண்டு, எல்லாப் பாடங்களையும் அதைச் சுற்றி நடத்துவதைத்தான் 'தீம் பேஸ்டு லேர்னிங்' என்கிறார்கள். தனியார் தொடக்கப் பள்ளிகளின் அட்மிஷன் நோட்டீஸ்களில் இப்போது அடிக்கடி கண்ணில் படும் வார்த்தை.

மணலையே தீமாக வைத்துக்கொண்டால் என்ன ஆகும்? இந்தக் கரையில் வருடத்தின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டே போகும். 1980களின் இறுதியில் நகருக்குத் தெற்கே துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் சுவர்கள் நீண்டன. மணல் அதன் தென்பக்கத்தில் தேங்கியது. வடக்கே வந்து சேரவேண்டியது வரவில்லை. கரை கரைந்தது. 2018-ல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் வழிகாட்டுதலில் செயற்கைத் திட்டு ஒன்று அமைக்கப்பட்டது. அந்தப் பகுதியில் மணல் ஓரளவு திரும்பி வந்தது.

இது அறிவியல். மாதம் ஒருமுறை டேப் பிடித்து மணல்பரப்பின் அகலத்தை அளந்து கட்டம் போட்ட தாளில் குறித்தால் கணக்கு. 1866-ல் கட்டிய இரும்புப் பாலம் 1952 புயலில் போனது வரலாறு. வைத்திக்குப்பம், குருசுக்குப்பம் தாத்தாக்களிடம் "அந்தக் காலத்துல கரை எதுவரைக்கும் இருந்துச்சு?" என்று கேட்டு எழுதி வந்தால் தமிழ். வாடை, கொண்டல் என்று காற்றுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர்களைக் கூகுளில் தேட வேண்டியதில்லை.

ஸ்பெல்லிங் டெஸ்டில் எப்போதும் பின்தங்கும் மீனவர் வீட்டுப் பிள்ளைதான் அந்த மாதம் வகுப்புக்கே வாத்தியார். இந்த முறையின் பெரிய லாபம் இதுதான்.

யோசனை புதிதும் அல்ல. கடற்கரையில் சிலையாக நிற்கும் காந்தி, 1937-ல் வார்தா கல்வி மாநாட்டில் ஆதாரக் கல்வியை முன்வைத்தபோது, கைத்தொழிலை நடுவில் வைத்து மற்றப் பாடங்களை அதோடு இணைக்கத்தான் சொன்னார். அரவிந்தர் 1910-ல் புதுச்சேரி வருவதற்கு முன்பே, குழந்தைக்கு அருகில் இருப்பதிலிருந்து தொலைவில் இருப்பதை நோக்கிப் பாடம் நகர வேண்டும் என்று கல்வி பற்றி எழுதியிருந்தார்.

அவர் பெயரால் அமைந்த ஆசிரமத்தில் 1943 டிசம்பர் 2-ல் பள்ளி பிறந்தது. இரண்டாம் உலகப்போர் காலத்தில் குடும்பங்கள் பிள்ளைகளோடு ஆசிரமத்தில் தஞ்சம் புகுந்தன. அவர்களுக்காகச் சுமார் 20 குழந்தைகளோடு அன்னை தொடங்கினார். தானே பாடமும் நடத்தினார். இன்று அது ஸ்ரீ அரவிந்தர் சர்வதேசக் கல்வி மையம். அங்குள்ள முறைக்கு 'ஃப்ரீ ப்ராக்ரஸ்' என்று பெயர். தீம் முறையும் இதுவும் ஒன்றல்ல. ஆனால், பீரியடுக்காகக் குழந்தை அல்ல என்ற நம்பிக்கை இரண்டுக்கும் பொது. கணக்கும் அறிவியலும் அங்கே பிரெஞ்சில் நடக்கின்றன. தேர்வு கிடையாது, பட்டச் சான்றிதழும் கிடையாது.

சான்றிதழ் இல்லை என்றதும் சாதாரணப் பெற்றோருக்கு வயிறு கலங்கும். அது நியாயம்தான். தீம் முறைப் பள்ளியில் சேர்த்தவர்களுக்கும் இதே பயம் வேறு வடிவில் வரும்: ஆறாம் வகுப்பில் வேறு பள்ளிக்குப் போனால் தாக்குப்பிடிப்பானா? வாய்ப்பாடு தெரியுமா? எல்லாவற்றையும் தீமுக்குள் திணிக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஏழாம் வாய்ப்பாட்டை மணலோடு ஒட்டவைக்கப் பார்த்தால் கேலிக்கூத்தாகிவிடும். அதற்குத் தனி நேரம், தினசரிப் பயிற்சி வேண்டும்.

இன்னொரு ஆபத்து, தெர்மோகோல். 'கடல்' தீம் என்று டைரியில் எழுதி அனுப்ப, இரவு ஒன்பது மணிக்கு அம்மா ஃபேன்சி ஸ்டோருக்கு ஓட, அப்பா திமிங்கலம் வரைய, மறுநாள் சுவரில் பிள்ளையின் பெயரோடு தொங்கும். அதில் யார் என்ன கற்றார்கள்?

சுவாரஸ்யம் என்னவென்றால், இது காசுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டுமான சங்கதியும் இல்லை. என்.சி.இ.ஆர்.டி 2006-ல் தந்த சூழ்நிலையியல் பாடத்திட்டம் மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை அறிவியலையும் சமூக அறிவியலையும் சேர்த்து, உணவு, நீர், உறைவிடம், பயணம் என ஆறு தீம்களாகவே பிரித்தது. புதுச்சேரி அரசுப் பள்ளிகளும் 2023-24 முதல் சி.பி.எஸ்.இ-க்கு மாறிவிட்டன. மீதி வேலை ஆசிரியருடையது. அவருக்குத் திட்டமிட நேரமும், பிள்ளைகளைத் தெருவுக்கு அழைத்துப்போகத் துணைக்கு ஓர் ஆளும் வேண்டும்.

அட்மிஷனுக்குப் போகும் பெற்றோர் சுவரில் உள்ள சார்ட்டைப் பார்க்க வேண்டாம். போன வருடப் பிள்ளை ஒருவரின் நோட்டைக் கேட்டுப் பார்க்கலாம். அதில் அடித்துத் திருத்திய அளவுகளும், கோணல்மாணலான கிராஃபும், தாத்தா சொன்னதைப் பிழையோடு எழுதிய ஒரு பக்கமும் இருக்கிறதா?

மணலை அளக்கும் வகுப்புக்கு அக்டோபருக்குப் பிறகு எண்கள் மாறத் தொடங்கும். வடகிழக்குப் பருவக்காற்றில் அலையின் போக்கு திரும்பி, மணல் வடக்கிலிருந்து தெற்கே நகரும். ஏன் என்று எந்தப் பிள்ளையாவது நிச்சயம் கேட்கும்.