கடலோர அலுமினியக் கலவைகளில் கரைபொருள் அணுக்களின் ஒதுங்கல்: தூத்துக்குடிக் கடற்சூழலை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

உலோகக் கலவையொன்றின் பண்பை அதன் வேதிக்கூட்டு மட்டும் தீர்மானிப்பதில்லை. கரைபொருள் அணுக்கள் படிகத்தின் எவ்விடத்தில் அமைந்துள்ளன என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. அலுமினியம்–மக்னீசியக் கலவையில் மக்னீசிய அணுக்கள் படிகக் குறைபாடுகளில் ஒதுங்கும் முறையையும், தூத்துக்குடி போன்ற வெப்பக் கடற்கரையில் அதன் விளைவையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கரைபொருள் அணு, பிறழ்வு, மணி எல்லை, உணர்திறனேற்றம், தூத்துக்குடி

முன்னுரை

முத்துக்குளித்தலுக்குப் பெயர்பெற்ற மன்னார் வளைகுடாக் கரையில் அமைந்த தூத்துக்குடி, 1974-இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது, 2011-இல் வ.உ.சிதம்பரனார் துறைமுகம் எனப் பெயர் பெற்றது. இந்தியக் கடலோரக் காவல்படையின் நிலையமும் இங்கு உள்ளது. அப்படையின் இடைமறிப்புப் படகுகள் பல, எடைக்குறைவு கருதி அலுமினியக் கலவையால் கட்டப்பட்டவை. கடற்கலங்களுக்கு உலகெங்கும் பயன்படும் அலுமினியக் கலவைகளுள் ஒன்றான 5083, 4.0 முதல் 4.9 விழுக்காடு மக்னீசியம் கொண்டது. இக்கலவைக்கு வலிமை தருவது மக்னீசியமே. சில சூழல்களில் அதனை நலிவிப்பதும் அதுவே.

அணுக்கள் ஒதுங்குவதன் காரணம்

அலுமினிய அணுவின் ஆரம் ஏறத்தாழ 143 பிக்கோமீட்டர், மக்னீசியத்தினுடையது 160. ஏறத்தாழ 12 விழுக்காடு பெரிய அணு ஒழுங்கான படிக அடுக்கினுள் அமரும்போது சுற்றிலும் திரிபு உண்டாகிறது. படிக அடுக்கு ஒழுங்கு தவறும் கோடுகளான பிறழ்வுகளிலும், வெவ்வேறு திசைகொண்ட படிக மணிகள் சந்திக்கும் எல்லைகளிலும் அணுக்களிடையே இடைவெளி சற்று விரிந்த இடங்கள் உள்ளன. பெரிய அணு அங்கு அமர்ந்தால் திரிபு ஆற்றல் குறைகிறது. ஒதுங்கலின் உந்துவிசை இதுவே.

பிறழ்வைச் சூழும் இத்தகைய அணுத்திரளை, இரும்பிலுள்ள கார்பனைக் கொண்டு காட்ரலும் பில்பியும் 1949-இல் விளக்கினர். அணுத்திரள் பிறழ்வின் நகர்வைத் தடுப்பதால் உலோகம் எளிதில் வளைவதில்லை. எனவே ஒதுங்கல் தன்னளவில் தீங்கன்று.

ஒதுங்கலிலிருந்து அரிப்பு வரை

அலுமினியம் 450° செல்சியஸில் ஏறத்தாழ 17 விழுக்காடு மக்னீசியத்தைக் கரைத்து வைக்கும். அறை வெப்பநிலையிலோ 2 விழுக்காட்டுக்கும் குறைவாகவே கரைக்கும். ஆகவே 5083 கலவை மிகைநிறைவுற்ற நிலையில் உள்ளது. ஏறத்தாழ 50° முதல் 200° செல்சியஸ் வரையிலான வெப்பம் நெடுநாள் நீடித்தால், மக்னீசியம் மணி எல்லைகளில் செறிந்து, அங்கே பீட்டா எனப்படும் புதிய நிலைமையாக வீழ்படிகிறது. ஒதுங்கலும் வீழ்படிதலும் வேறானவை. முன்னது எல்லையையொட்டிய சில அணு அடுக்குகளில் நிகழும் செறிவு மாற்றம். பின்னது தனிப் படிக அமைப்புடைய சேர்மத்தின் தோற்றம். முன்னது பின்னதற்கு வழிகோலுகிறது.

கடல்நீரில் பீட்டா, சூழ்ந்துள்ள உலோகத்தைவிட விரைவில் கரைகிறது. எல்லையெங்கும் பீட்டா தொடர்ச்சியாகப் படர்ந்திருந்தால் அரிப்பு அவ்வழியே உட்புகும். இழுவிசையும் சேர்ந்தால் விரிசல் வளரும். கலவை இந்நிலையை அடைவதே உணர்திறனேற்றம் எனப்படுகிறது. இதே வகையைச் சேர்ந்த 5456 கலவையாலான மேற்கட்டுமானம் கொண்ட அமெரிக்கக் கடற்படையின் டைகொண்டெரோகா வகைக் கப்பல்களில் இத்தகைய விரிசல்கள் பெருஞ்சிக்கலாயின.

கடற்கரைச் சூழலும் சோதனையும்

தூத்துக்குடியின் வெயிலில் நிற்கும் கலத்தின் தளத்தகடு, குறிப்பாக அடர்நிறப் பூச்சுடையது, காற்றைவிட மிகுதியாகச் சூடேறி 50° செல்சியஸைக் கடக்கக்கூடும். எந்திர அறையும் புகைபோக்கியும் அடுத்துள்ள தகடுகள் இன்னும் மிகுதியாகச் சூடாகும். இம்மாற்றத்தின்போது கலவையின் சராசரி வேதிக்கூட்டு சிறிதும் மாறுவதில்லை. வழக்கமான வேதிப் பகுப்பாய்வு புதிய தகட்டுக்கும் நலிந்த தகட்டுக்கும் ஒரே விடையைத் தரும். ஆகவே இங்குத் தேவைப்படுவது, ஜி67 எனப்படும் நைட்ரிக் அமிலச் சோதனை. 30° செல்சியஸில் 24 மணிநேரம் அமிலத்தில் வைக்கப்பட்ட மாதிரியின் நிறையிழப்பு, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 15 மில்லிகிராம் வரை இருப்பின் கலவை அரிப்பைத் தாங்கும். 25-ஐ எட்டினால் எளிதில் அரிப்புக்குள்ளாகும்.

பீட்டா கரையுமளவுக்கு மீண்டும் சூடேற்றி இந்நிலையை மாற்றவியலும். எனினும் உருட்டித் தகடாக்கியபோது பெற்ற வலிமையில் ஒரு பகுதி அதனால் குறையும்.

முடிவுரை

ஒரே அளவு மக்னீசியம், சிதறி நிற்கையில் வலிமையாகவும், எல்லையில் தொடர்ந்து படிகையில் நலிவாகவும் அமைகிறது. எனவே வெப்பக் கடற்கரைகளில் இயங்கும் அலுமினியக் கலங்களின் ஆய்வில், வேதிக்கூட்டுச் சான்றுடன் ஒவ்வொரு தகடும் பட்ட வெப்பத்தின் அளவும் காலமும் பதிவு செய்யப்படுதல் வேண்டும்.